தீவுக் குடிலின் வரவு செலவு

சில நாட்களுக்கு முன் என் வகுப்பு மாணவர் ஒருவர் வழவழப்பான தாளில் அச்சிட்ட விளம்பரம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். நீலக் கடல், வெண்மணல், கரையோரக் காட்டுக்குள் ஓலை வேய்ந்த ஒரு குடில். அதன் கீழே 'இயற்கையோடு இயைந்த சொகுசு விடுதி' என்று போட்டிருந்தது. "சார், சொகுசும் இயற்கையும் ஒன்றாக இருக்க முடியுமா? இதெல்லாம் வெறும் விளம்பரம்தானே?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. கடைக்காரர் இலாபத்தில் நடத்துகிறாரா நட்டத்தில் நடத்துகிறாரா என்பது பெயர்ப்பலகையைப் பார்த்தால் தெரியாது. கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால்தான் தெரியும். இதுவும் அப்படித்தான். நீர், ஆற்றல், கழிவு ஆகிய மூன்றுக்கும் வரவு செலவு எழுதிப் பார்த்தால் உண்மை வெளிவந்துவிடும். அதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் இருக்கிறது. நாம் இருவரும் சேர்ந்து அதன் கணக்கை எழுதிப் பார்ப்போமா?

சும்பே தீவு

தான்சானியா நாட்டைச் சேர்ந்த சான்சிபார் நகரிலிருந்து படகில் ஏறித் தென்மேற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் சென்றால் சும்பே என்னும் சிறு தீவு வரும். பரப்பு இருபது ஹெக்டேருக்குச் சற்றே அதிகம்; அகலம் சில நூறு மீட்டர்தான். பழைய பவளப்பாறைமீது காடு அடர்ந்திருக்கிறது. 1904-இல் ஆங்கிலேயர் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் அங்கே நிற்கிறது. தீவின் மேற்குக் கரையை ஒட்டிய கடலில் சுமார் 200 வகைக் கடினப் பவளங்களும் 400-க்கும் மேற்பட்ட மீன் இனங்களும் உள்ளன. 1994-இல் இப்பகுதி பவளப்பாறைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதைக் காக்கும் பணியை ஏற்ற தனியார் அமைப்பு, காவலுக்கு ஆகும் செலவை ஈட்டுவதற்காகவே ஏழு குடில்களைக் கட்டியது. ஏழுக்கு மேல் இல்லை. ஓர் இரவு தங்க நம் பணத்தில் பல ஆயிரம் ரூபாய் ஆகும். சொகுசு விடுதி என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே குளிர்சாதனப் பெட்டி பொருத்திய அறை இல்லை. தண்ணீர் பீறிடும் கழிப்பறை இல்லை. இரவில் வழியெங்கும் எரியும் விளக்கு இல்லை. ஏன் இல்லை? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நீர்க் கணக்கு

நம் ஊரில் வீடு கட்டுமுன் கிணறு தோண்டுவோம், அல்லது ஆழ்துளை போடுவோம். சும்பேயில் அது ஆகாது. அங்கே ஊற்றும் இல்லை, ஓடையும் இல்லை. பவளப்பாறை சல்லடை போன்றது. கடல்நீர் அதற்குள் எளிதாகப் புகுந்துவிடும்.

பொதுவாகவே சிறு தீவுகளில் நன்னீர் எப்படி நிற்கிறது தெரியுமா? நன்னீரின் ஒப்படர்த்தி 1.000, கடல்நீருடையது 1.025. ஆகவே பனிக்கட்டி நீரில் மிதப்பதைப்போல, மண்ணுக்குள் நன்னீர் உப்புநீரின்மேல் மிதக்கிறது. இரண்டின் வேறுபாடு 0.025. ஒன்றை அதனால் வகுத்தால் 40 வரும். அதாவது, கடல்மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் உயரம் நன்னீர் நின்றால், கடல்மட்டத்திற்குக் கீழே 40 மீட்டர் ஆழம் வரை அது நிற்கும். ஆகா, பெரிய இலாபம் என்று எண்ணிவிடாதீர்கள். இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை 10 சென்டிமீட்டர் தாழ்த்தினால், அடியிலுள்ள உப்புநீர் 4 மீட்டர் மேலேறிவிடும்! பேராசையோடு இறைத்த தீவுக் கிணறுகள் உப்பாவது இதனால்தான். சும்பே போன்ற ஒடுங்கிய தீவில் இந்த நன்னீர்ப் படலத்தை நம்பவே முடியாது.

எனவே ஒவ்வொரு குடிலின் கூரையும் ஒரு மழை அறுவடைக் களமாக அமைக்கப்பட்டிருக்கிறது. கூரைமேல் விழும் மழை வடிகட்டிகளின் வழியாகத் தரைக்கு அடியிலுள்ள தொட்டியில் சேர்கிறது. இது போதுமா? 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கும். சான்சிபாரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1600 மில்லிமீட்டர் மழை. உதாரணத்திற்குக் கூரையின் பரப்பை 100 சதுர மீட்டர் என்று கொள்வோம். ஆண்டுக்கு 1,60,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்றாலும் 1,28,000 லிட்டர் மிஞ்சும். நாளொன்றுக்கு 350 லிட்டர். இருவர் தாராளமாகக் குளித்து, முகம் கழுவப் போதும்.

ஆனால் மழை நாள்தோறும் பெய்வதில்லையே? மார்ச் முதல் மே வரை பெருமழை. ஆண்டின் இறுதியில் சிறுமழை. இடையே மூன்று மாதம் வானம் பொய்த்தது என்றும், நாளுக்கு 300 லிட்டர் செலவு என்றும் வைத்துக்கொண்டால், 27,000 லிட்டர் சேமித்திருக்க வேண்டும். நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் 3 மீட்டர் உள்ள ஒரு தொட்டி இதற்குச் சரியாக இருக்கும். குடிலின் தரைக்கடியிலேயே அடங்கிவிடும்.

கைக்கு எது? கதிரவனுக்கு எது?

தொட்டி கீழே இருக்கிறது. குளிக்கும் நீர் மேலேயிருந்து விழவேண்டும். அதுவும் வெந்நீராக வேண்டும். சும்பேயில் நீரைக் கைப்பம்பால் மேலேற்றுகிறார்கள். சூரிய வெப்பத்தால் சூடாக்குகிறார்கள். இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு கைப்பம்பா என்று சிரிக்கத் தோன்றும். சிரிக்கும் முன் ஒரு கணக்கு.

100 லிட்டர் நீரை 4 மீட்டர் உயர்த்தத் தேவையான ஆற்றல் 100 × 9.8 × 4, அதாவது சுமார் 4,000 ஜூல். அதே 100 லிட்டரை 15 பாகை சூடாக்க 100 × 4,200 × 15, அதாவது 63,00,000 ஜூல். ஏறத்தாழ 1,600 மடங்கு! முதல் வேலை, ஓர் ஆள் ஓரிரு நிமிடம் பம்படித்தால் முடிந்துவிடும். இரண்டாவது வேலைக்கு ஒன்றே முக்கால் யூனிட் மின்சாரம் வேண்டும். வெப்பமண்டலத்தில் 1 சதுர மீட்டர் பரப்பின்மேல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 யூனிட் சூரிய ஆற்றல் விழுகிறது. கருமை பூசிய ஒரு தகடு அதில் ஐந்தில் இரு பங்கைப் பிடித்தாலே 2 யூனிட். நமக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சிறு வேலையைக் கைக்கும் பெரு வேலையைக் கதிரவனுக்கும் கொடுத்த பகிர்வு இது. இங்கே மின்சாரத்துக்கு வேலையே இல்லை.

விளக்குகளுக்கு மட்டும் கூரைமேல் ஒளிமின்கலப் பலகைகள் உள்ளன. 5 வாட் விளக்குகள் ஐந்து, தினம் 5 மணி நேரம் எரிந்தால் 125 வாட்-மணி. ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்கு. ஆனால் அறையைக் குளிரூட்டும் இயந்திரம் ஒன்று ஓர் இரவில் 10 யூனிட் விழுங்கிவிடும். விளக்குகளைப் போல் 80 மடங்கு! அதை ஓட்டவேண்டுமானால் டீசல் எஞ்சின் வேண்டும். அதன் இரைச்சலும் புகையும் எண்ணெய்க் கசிவும் கூடவே வரும். குளிர்சாதனத்தை விட்டுவிடுவது என்ற ஒரே முடிவில் ஆற்றல் கணக்கின் பெரும்பகுதி சரியாகிவிடுகிறது.

அப்படியானால் வெக்கையில் தூங்குவது எப்படி? ஓலைக்கூரையின் இடுக்குகளில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. குடிலின் உள்ளே சூடான காற்று அடர்த்தி குறைந்து மேலெழுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடற்பக்கமிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. படுக்கை மேல்தளத்தில், கடலைப் பார்த்துத் திறந்தாற்போல் இருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து வீசும் காற்றுக்குச் சுவாகிலி மொழியில் 'குசி' என்று பெயர். அந்தக் காற்றோட்டமே நிலநடுக்கோட்டைக் கடந்து, புவிச்சுழற்சியால் வலப்பக்கம் திரும்பி, நம்மிடம் தென்மேற்குப் பருவக்காற்றாக வந்து சேருகிறது. சும்பேயில் விருந்தினருக்கு விசிறிவிட்ட காற்று, குற்றாலத்தில் சாரலாக விழுகிறது என்று சொன்னால் பெரிய பிழை இல்லை!

கழிவுக் கணக்கு

பவளம் என்பது கல் அன்று; கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் சேர்ந்து கட்டிய குடியிருப்பு. ஒவ்வொரு பவள உயிரியின் உடலுக்குள்ளும் நுண்பாசிகள் வாழ்ந்து, ஒளிச்சேர்க்கையால் அதற்கு உணவு அளிக்கின்றன. ஊட்டச்சத்து மிகக் குறைந்த தெளிந்த கடலில் பவளம் தழைப்பது இந்தக் கூட்டாளியின் தயவால்தான். அந்த நீரில் கழிவுநீர் கலந்தால் என்ன ஆகும்? நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கடற்பாசிக்கு உரமாகின்றன. பாசி மளமளவென்று வளர்ந்து பவளத்தைப் போர்வைபோல் மூடிவிடும்.

ஆகவே சும்பேயில் கழிவுநீர் கடலுக்குப் போவதில்லை. கழிப்பறையில் தண்ணீரே ஊற்றுவதில்லை; காற்றோட்டமுள்ள அறையில் நுண்ணுயிர்கள் கழிவை மக்க வைத்து எருவாக்குகின்றன. ஒவ்வொரு முறையும் ஏழெட்டு லிட்டர் நன்னீர் மிச்சமாவதும் கூடுதல் வரவு. குளித்த நீர், செடிகள் நட்ட பாத்திகளுக்குள் செலுத்தப்படுகிறது. கடலில் தீமை செய்யும் அதே நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் செடிகளுக்கு உணவாகிவிடுகின்றன.

ஒளியும்கூடக் கழிவாகலாம். தென்னை நண்டு என்னும் பெரிய நில நண்டுகள் இத்தீவில் உள்ளன. இவை இரவில் நடமாடுபவை. அதனால்தான் காட்டு வழிகளில் விளக்குக் கம்பங்கள் இல்லை. விருந்தினர் கையில் டார்ச் விளக்குடன் நடக்கிறார்கள்.

விட்டுப்போன பக்கம்

இதுவரை கணக்கு நன்றாகவே வந்திருக்கிறது. "பார்த்தாயா, இயற்கையோடு இயைந்ததுதான்" என்று மாணவரிடம் சொல்லிவிடலாம் போலிருக்கிறது. ஆனால் கணக்குப் புத்தகத்தில் இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது. விருந்தினர் அங்கே எப்படி வந்தார்?

ஐரோப்பாவிலிருந்து சான்சிபாருக்கு ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர். போகவர 14,000. விமானம் ஒரு பயணியை 100 கிலோமீட்டர் கொண்டுசெல்ல ஏறத்தாழ 3 லிட்டர் எரிபொருள் எரிக்கிறது. ஒருவருக்கு 420 லிட்டர். இருவருக்கு 840 லிட்டர். ஒரு லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிலோ கரியமில வாயு என்றால், இருவரின் பங்கு 2 டன்னுக்கும் மேல்.

சரி, அவர்கள் குடிலில் ஒரு வாரம் தங்கி எவ்வளவு மிச்சம் பிடித்தார்கள்? குளிரூட்டியும் வெந்நீரும் சேர்த்து நாளுக்கு 12 யூனிட் எனலாம். ஏழு நாளைக்கு 84 யூனிட். ஒரு லிட்டர் டீசலில் மூன்றரை யூனிட் கிடைக்கும் என்று கொண்டால், 24 லிட்டர் டீசல். செலவு 840, சேமிப்பு 24. முப்பத்தைந்தில் ஒரு பங்கு!

இந்தப் பக்கம் பவளத்துக்கும் தொடர்பில்லாதது அன்று. கரியமில வாயுவால் புவியில் தங்கும் மிகை வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் கடலுக்குள்தான் போகிறது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு பாகை கூடுதலாகக் கடல்நீர் சில வாரங்கள் காய்ந்தால் போதும். பவள உயிரி தன் நுண்பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். வெப்பம் தணியாவிட்டால் இறந்துவிடும். 1998-இலும் 2016-இலும் உலகக் கடல்கள் பலவற்றில் இது நேர்ந்தது. சான்சிபார்ப் பகுதிப் பவளங்களும் தப்பவில்லை. நம் மன்னார் வளைகுடாப் பவளங்களும் தப்பவில்லை. எந்தச் சரணாலயத்தின் வேலியும் வெப்பத்தைத் தடுக்காது.

என்ன விடை சொல்வது?

அப்படியானால் எல்லாம் வீண்தானா? இல்லை. இரு வேறு கணக்குகளை நாம் கலந்துவிடக் கூடாது. கரைக் கணக்கில் சும்பே நேர்மையாகவே தேறிவிட்டது. குடில்களின் வருவாயில் பவளப்பாறை காக்கப்படுகிறது. முன்னர் மீன்பிடித்தவர்கள் பயிற்சி பெற்று அதற்குக் காவலர்களாக உள்ளனர். கடலைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு ஒருநாளும் பவளத்தைப் பார்த்திராத சான்சிபார்ப் பள்ளிப் பிள்ளைகளை இலவசமாக அழைத்துவந்து, மிதவை அணிவித்து, நீருக்குள் காட்டுகிறார்கள். வெப்பத்தால் பவளம் மடிந்த இடத்தில் புதுக் குஞ்சுகள் குடியேற வேண்டுமானால், நீர் தெளிவாக இருக்கவேண்டும். பாசியை மேய மீன்கள் இருக்கவேண்டும். அவ்விரண்டையும் காப்பது கரையில் இருப்பவர் கையில் உள்ளது. ஆனால் வான் கணக்கைக் குடிலால் தீர்க்க முடியாது. அது பயணம் செய்பவரின் கணக்கு, எரிபொருளின் கணக்கு, நம் எல்லோருடைய கணக்கு.

என் மாணவரிடம் இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். சிறிது நேரம் எண்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியென்றால் சார், இந்தக் குடில் நம் ஊரிலேயே இருந்தால் கணக்கு நேராகிவிடுமே" என்றார்.

அதுதான் சரியான விடை. கூரை மழையைச் சேமிக்கவும், குளித்த நீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விடவும், கதிரவனைக்கொண்டு வெந்நீர் வைக்கவும் எந்தத் தீவுக்கும் போக வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக் கூரையை இன்றே அளந்து பாருங்கள். உங்கள் ஊரின் ஆண்டு மழையளவை மீட்டரில் எழுதி அதனால் பெருக்குங்கள். கிடைக்கும் கனமீட்டர் எண்ணிக்கையே உங்கள் கணக்குப் புத்தகத்தின் முதல் வரவு.