திருநங்கையருக்கான ரண சிகிச்சை முறைகள்

கொல்கத்தாவுக்கு வடக்கே, நதியா மாவட்டத்தைச் சேர்ந்த கிருஷ்ணநகரின் மகளிர் கல்லூரியில் 2015-ஆம் ஆண்டு முதல்வராகப் பொறுப்பேற்ற மானபி பந்தோபாத்தியாய் ஒரு திருநங்கை. அவர் 2003-04-இல் பால் மாற்று ரண சிகிச்சை செய்துகொண்டவர். இச்சிகிச்சையைப் பற்றி ஓர் இளைஞர் ஆசிரியரிடமோ களப் பணியாளரிடமோ வினவினால், விடை தவறாக இருத்தல் ஆகாது.

மூத்திரப் பைக்கும் மலக்குடலுக்கும் இடையே புதியதொரு வழியை அமைப்பது எல்லா முறைகளுக்கும் பொது. மலக்குடல் கிழிபடும் அபாயமும் பொதுவே. அவ்வழியின் உட்சுவரை எதனால் அமைப்பது என்பதில்தான் முறைகள் வேறுபடுகின்றன.

மொராக்கோவின் காசாபிளாங்கா நகரில் 1956-இல் ஜார்ஜ் புரூ என்னும் பிரெஞ்சு மருத்துவர் ஆண்குறித் தோலையே, கையுறையை உட்புறமாகத் திருப்புவதுபோல், உள்ளே திருப்பிச் சுவராக்கினார். இன்றும் பெருவழக்கு இம்முறையே. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. குறிமுனையின் ஒரு பகுதியை நரம்புகளோடு காத்து உணர்ச்சியுள்ள உறுப்பாக அமைக்கவும் கூடும். ஆனால் தோலில் ஈரம் சுரவாது; வழியும் சுருங்க முற்படும். ஆகவே கோல் போன்ற விரிப்பானை முதல் மாதங்களில் நாள்தோறும் பன்முறையும், பின்னர் நெடுங்காலம் இடைவிட்டும் பயன்படுத்த வேண்டும். தனியறை இல்லாத வீட்டிலும் விடுதியிலும் இது சிறு காரியமன்று.

பெருங்குடலின் ஒரு துண்டை, இரத்தக் குழாய்களோடு இறக்கிப் பொருத்துவது மற்றொரு முறை. நீளம் போதியதாகும், ஈரமும் தானே சுரக்கும், சிலருக்கு வேண்டியதற்கு மேலாகவே. ஆயின் இது வயிற்றறுவை. குடலை இணைத்த இடம் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. வயிற்றறையின் உட்சவ்வைப் பயன்படுத்தும் மூன்றாம் முறையை, பிறவியிலேயே யோனி அமையாத பெண்களுக்காக ரஷ்ய மருத்துவர் டாவிடோவ் 1969-இல் வெளியிட்டார். திருநங்கையருக்கு அது பிற்காலத்தில்தான் கையாளப்பட்டது. நீண்டகாலப் பலன்கள் பற்றிய அனுபவம் குறைவு. எம்முறையிலும் கருப்பை அமைவதில்லை.

நம் நாட்டில் கருதவேண்டிய செய்தி வேறொன்றும் உண்டு. மருத்துவமனைக்கு வெளியே, மரபு முறையில் செய்யப்படும் 'நிர்வாணம்' இரத்தப் பெருக்கையும் மூத்திரத் துவாரச் சுருக்கத்தையும் விளைவிக்கக்கூடியது. அத்துடன், புரூ முறைக்கு வேண்டிய தோலையும் அது அகற்றிவிடுகிறது. பின்னர் முழுச் சிகிச்சையை நாடுவோருக்குப் பெரும்பாலும் குடல் முறை, அல்லது வேறிடத்துத் தோலை ஒட்டும் முறையே எஞ்சுகிறது. இதனை முன்கூட்டியே அறிவிப்பது களப் பணியாளரால் இயலும். திருநங்கை எனும் அடையாளத்தை ஏற்க ரண சிகிச்சையை வற்புறுத்துதல் கூடாதென 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் அப்போதே கூறலாம்.