இன்னும் ரெண்டே நிமிஷம்!

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டில், ஆடத் தொடங்கும் இடத்தில் ஒரு வரி விளக்கம்கூடக் கிடையாது. திரையின் இடப்பக்கமாக மீசைக்காரர் மாரியோ நிற்கிறார். வலப்பக்கம் வெட்டவெளி. எங்கே போகவேண்டும் என்று யாரும் சொல்லாமலேயே பிள்ளைகள் வலப்பக்கம் நடக்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் கேள்விக்குறி போட்ட ஒரு பெட்டி மின்னுகிறது. எதிரே காளான் தலையோடு, முறைத்த பார்வையோடு ஒரு பிராணி வருகிறது. சும்மா நின்றால் அது முட்டி மாரியோ செத்துப்போவார். போனது ஐந்தாறு விநாடிதான், அதனால் அழுகை வராது. அடுத்த முறை பிள்ளை குதிக்கிறது. குதித்து அந்தப் பிராணியின் தலையிலேயே விழுந்தால் அது நசுங்கிப் போகிறது. பெட்டியில் தலை இடித்தால் காசு வருகிறது.

இதற்கு அடுத்து நடப்பதுதான் வேடிக்கை. இன்னொரு பெட்டியை இடித்ததும் அதிலிருந்து ஒரு காளான் கிளம்புகிறது. முறைத்த பிராணியும் காளான் மாதிரிதானே இருந்தது என்று பிள்ளைக்குப் பயம். காளான் வலப்பக்கம் நகர்ந்து போய், அங்கிருக்கும் குழாயில் மோதித் திரும்பி மாரியோவை நோக்கி வருகிறது. தப்பிக்கக் குதித்தால் மேலே வரிசையாகச் செங்கல். தலை இடித்துக் காளான் மேலேயே விழ நேர்கிறது. விழுந்ததும் மாரியோ இரண்டு மடங்கு உயரமாகிவிடுகிறார். ஓ, இது நல்ல காளான்! இந்த இடத்தை வடிவமைத்த ஷிகெரு மியாமோட்டோ அந்தக் குழாயையும் செங்கல்லையும் அளந்துதான் வைத்தார். அரை நிமிஷத்தில் நாலு பாடம், வாத்தியார் கிடையாது, திட்டு கிடையாது.

இவ்வளவு சாமர்த்தியமாகக் கற்றுத்தரும் ஒன்றை வெறும் குப்பை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆனால் ‘சின்னப் பிள்ளைகளை வீடியோ கேம் விளையாட விடலாமா?’ என்று பெற்றோர் கேட்கும்போது அவர்கள் கண் திரையின் மேலேயே இருக்கிறது. துப்பாக்கி இருக்கிறதா, ரத்தம் தெறிக்கிறதா, மூளை கெடுமா? திரையில் என்ன ஓடுகிறது என்பதைவிட, அது ஓடும் நேரத்தில் என்ன நடக்காமல் போகிறது என்பதே பெரிய விஷயம் என்பது என் கட்சி. ஆராய்ச்சிகளும் பெரும்பாலும் அந்தப் பக்கமே சாய்கின்றன.

கைக்குழந்தைகளிலிருந்து ஆரம்பிப்போம். ஒன்றரை வயதுக் குழந்தை செல்போனைத் தள்ளித் தள்ளித் தனக்கு வேண்டிய வீடியோவை எடுத்துவிட்டால் வீடே பூரித்துப்போகிறது. அமெரிக்காவில் ரேச்சல் பார் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 15 மாதக் குழந்தைகளிடம் செய்து 2009இல் வெளியிட்ட சோதனை இந்தப் பூரிப்பைக் கொஞ்சம் குறைக்கும். பொத்தானை அழுத்தினால் சத்தம் போடும் ஒரு பொம்மை வண்டி. அதே வண்டியின் படம் தொடுதிரையிலும் இருந்தது. அங்கும் பொத்தானைத் தொட்டால் சத்தம் வரும். பொம்மையில் செய்து காட்டியதைக் குழந்தைகள் பொம்மையில் செய்தார்கள். திரையில் காட்டியதைத் திரையில் செய்தார்கள். ஆனால் திரையில் காட்டிவிட்டு நிஜப் பொம்மையைக் கொடுத்தபோது தடுமாறினார்கள். பொம்மையில் காட்டிவிட்டுத் திரையைக் கொடுத்தாலும் அதே கதைதான். திரையில் கற்றது திரையோடு, தரையில் கற்றது தரையோடு.

இதைவிட வியப்பானது, ஜார்ஜீன் ட்ரோசெத், ஜூடி டிலோச் இருவரும் 1998இல் வெளியிட்ட சோதனை. பக்கத்து அறையில் ஒருவர் பொம்மையை ஒளித்துவைப்பதை இரண்டு வயதுக் குழந்தைகள் ஜன்னல் வழியாகப் பார்த்தால் நேரே போய் எடுத்துவிடுவார்கள். அதையே டிவியில் நேரலையாகப் பார்த்தால் பாதி முறைகூடச் சரியாக எடுக்கவில்லை. பிறகு ஆய்வாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். டிவியை ஜன்னலுக்குப் பின்னால் மறைத்து, ஜன்னலைப் பார்ப்பதாகவே குழந்தைகளை நம்பவைத்தார்கள். கண்டுபிடிப்பது கூடிவிட்டது! ஆக, கண்ணிலோ ஞாபகத்திலோ குறை இல்லை. டிவியில் வருவது நம் வீட்டைப் பற்றியதல்ல என்று இரண்டு வயதிலேயே அவர்களுக்கு ஒரு தீர்மானம் வந்துவிடுகிறது. நியாயமான தீர்மானம்தான். டிவிக்குள் இருக்கும் ஆள் என்றைக்காவது அவர்கள் கூப்பிட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறாரா?

பதில் சொன்னால் நிலைமை மாறுகிறது. வீடியோ அழைப்பில் எதிர்முனையில் இருப்பவர் தங்களைப் பார்த்துப் பேசும்போது இரண்டு வயதுக் குழந்தைகள் புது வார்த்தை கற்றுக்கொள்வதை 2014இல் வேறொரு ஆய்வு காட்டியது. பதிவுசெய்த வீடியோவில் அந்தப் பலன் இல்லை. அதனால் வெளிநாட்டில் இருக்கும் பாட்டியுடன் பேசுவதைத் திரை நேரக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைவு என்றால் நல்லது என்றது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரையும் ஏறக்குறைய அதுவே. கேம் மட்டும் குழந்தைக்குப் பதில் சொல்லவில்லையா என்று கேட்கலாம். சொல்கிறது, தனக்குத் தெரிந்த ஏழெட்டு விதத்தில். சோற்றைக் கையில் பிசையும் குழந்தைக்குக் கிடைக்கும் பதில்களை எண்ணி முடியாது.

பள்ளி வயது வந்ததும் கணக்கு வேறு. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ராபர்ட் வைஸ் என்ற உளவியலாளரும் அவர் மாணவியும், வீட்டில் கேம் பெட்டி இல்லாத 6 முதல் 9 வயதுப் பையன்களைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு உடனே ஒரு பிளேஸ்டேஷன், மீதிப் பேருக்கு நாலு மாதம் கழித்து. யாருக்கு எப்போது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். இந்தத் துறையில் இப்படிச் சோதிப்பது அபூர்வம். பெரும்பாலும் ‘நிறைய விளையாடும் பிள்ளைகள் மார்க் குறைவாக வாங்குகிறார்கள்’ என்பதோடு ஆராய்ச்சி நின்றுவிடும். மார்க் குறைந்ததால் விளையாடப் போனார்களா, விளையாடியதால் மார்க் குறைந்ததா என்று அதிலிருந்து பிரிக்க முடியாது. 2010இல் வெளியான முடிவில், முதலிலேயே பெட்டி கிடைத்த பையன்கள் வாசிப்பிலும் எழுத்திலும் பின்தங்கியிருந்தார்கள். மாலையில் படிக்கவும் எழுதவும் செலவான நேரத்தைக் கேம் எடுத்துக்கொண்டதுதான் முக்கியக் காரணம் என்று தெரிந்தது. கேம் அவர்கள் மூளையைக் கெடுத்ததாகத் தெரியவில்லை. அவர்களுடைய சாயங்காலத்தைத்தான் எடுத்துக்கொண்டது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2013இல் இத்தாலியின் படுவா பல்கலைக்கழகத்தினர், எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் டிஸ்லெக்ஸியா உள்ள 20 பிள்ளைகளில் பாதிப் பேரை, வேகமான வீடியோ கேமை மொத்தம் 12 மணி நேரம் விளையாடவைத்தார்கள். அவர்களுடைய வாசிப்பு வேகம் கூடியது. மெதுவான விளையாட்டை ஆடிய மீதிப் பேரிடம் அந்த மாற்றம் இல்லை. சிதறும் கவனத்தை இழுத்து ஓர் இடத்தில் வைக்கும் பயிற்சி எழுத்திலும் உதவுகிறது என்பது அவர்கள் விளக்கம். பத்துக்குப் பத்து பேர் என்பது சின்னக் கூட்டம்தான். இதைக் காட்டி யாராவது ‘மூளை வளர்க்கும் ஆப்’ விற்க வந்தால் பர்ஸை மூடிக்கொள்ளலாம். 2010இல் பிரிட்டனில் 11,000க்கும் மேற்பட்ட பெரியவர்கள் ஆறு வாரம் அப்படிப்பட்ட பயிற்சிகளைச் செய்தார்கள். பயிற்சி செய்த விளையாட்டில் மட்டும் கெட்டிக்காரர்கள் ஆனார்கள், மற்றவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை.

மூளையில் சுரக்கும் ‘டோபமைன்’ என்ற ரசாயனத்தின் பெயர் இப்போது வாட்ஸ்அப் வரை வந்துவிட்டது. கேமோடு அதைச் சேர்த்துப் பேசுவது 1998இல் லண்டனில் எட்டு ஆண்களை ஸ்கேன் கருவியில் படுக்கவைத்து, பீரங்கி வண்டி ஓட்டும் கேம் ஆடவிட்டுப் பார்த்த சோதனையிலிருந்து கிளம்பிய பேச்சு. ஆடும்போது அவர்கள் மூளையில் டோபமைன் சுரந்தது. நன்றாக ஆடியவருக்கு அதிகம் சுரந்தது. அதனால் கேம் போதைப்பொருள் என்று முடித்துவிடுகிறார்கள். பசித்தவனுக்குச் சாப்பாடு வந்தாலும் டோபமைன் சுரக்கும். அந்த ரசாயனத்துக்கு வேறொரு வேலையும் இருக்கிறது, அதுதான் பெற்றோர் கவனிக்கவேண்டியது.

விழித்திரையிலும் டோபமைன் சுரக்கிறது, அங்கே அதைத் தூண்டுவது வெளிச்சம். வளரும் வயதில் கண்விழி அளவுக்கு மீறி நீண்டுவிடாமல் அது கட்டுப்படுத்துகிறது என்பது இன்று வலுவாக உள்ள கருத்து. நீண்டுவிட்டால் கிட்டப்பார்வை, சோடாபுட்டிக் கண்ணாடி. சீன வம்சாவளியைச் சேர்ந்த 6, 7 வயதுப் பிள்ளைகளை ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் சிங்கப்பூரிலும் ஒப்பிட்ட ஆய்வு 2008இல் வந்தது. கிட்டப்பார்வை சிங்கப்பூரில் 29.1 சதவீதம், சிட்னியில் 3.3 சதவீதம். இத்தனைக்கும் சிட்னிப் பிள்ளைகள்தான் அதிகப் புத்தகம் படித்தார்கள்! பெரிய வித்தியாசம் இருந்தது வெளியில் திரியும் நேரத்தில்: சிட்னியில் வாரத்துக்கு சுமார் 14 மணி, சிங்கப்பூரில் 3 மணி. சீனாவின் குவாங்ஜோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினம் 40 நிமிஷம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அவர்களில் 30.4 சதவீதம், அப்படி விடாத பள்ளிகளில் 39.5 சதவீதம். வெயில் இல்லாத மேகமூட்டமான நாளில்கூட வெளியே இருக்கும் வெளிச்சம் நம் ஹாலின் டியூப்லைட்டைவிடப் பலமடங்கு. கேம் பொல்லாதது என்பதால் அல்ல, மாலை நாலு மணி வெளிச்சத்தைத் தின்கிறது என்பதால் அதை இருட்டிய பிறகு வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

கடைசியாக, எல்லா வீட்டிலும் நடக்கும் சண்டை: நிறுத்துவது. மாரியோவில் பெரும்பாலான கட்டங்களின் முடிவில் ஒரு கொடிக்கம்பம் இருந்தது. அதைத் தொட்டால் ஒரு பாட்டு, ஒரு மூச்சு. இன்றைய இலவச மொபைல் கேம்கள் பலவற்றில் அந்தக் கம்பத்தைப் பிடுங்கிவிட்டார்கள். முடிவு கிடையாது, நாளைக்கு வராவிட்டால் பரிசு போய்விடும், எந்தப் பெட்டியில் என்ன இருக்கும் என்று தெரியாது. எப்போது தீனி விழும் என்று தெரியாதபோதுதான் புறா விடாமல் கொத்தும் என்பதை ஸ்கின்னர் போன்ற உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டார்கள். காசு கொடுத்து வாங்கும் இந்த அதிர்ஷ்டப் பெட்டிகளை பெல்ஜியம் 2018இல் சூதாட்டம் என்றே அறிவித்தது.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சிஸ் ஹினிக்கரும் கூட்டாளிகளும் 1 முதல் 5 வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களில், திரையை நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் என்ன நடந்தது என்று பெற்றோரைக் குறிக்கச் சொன்னார்கள். 2016இல் வந்த முடிவு பலரைத் திகைக்கவைத்தது. ‘இன்னும் ரெண்டே நிமிஷம்’ என்று முன்கூட்டிச் சொன்ன வீடுகளில் ரகளை குறையவில்லை, கூடியது. அத்தியாயம் தானாக முடிந்தபோதும், தினமும் அதே நேரத்தில் நிறுத்தும் வழக்கம் இருந்தபோதும் பிள்ளைகள் அதிகம் அடம்பிடிக்கவில்லை. சாதனமே நிறுத்திவிட்டது என்றால் அதனுடன் சண்டை போட யாரும் இல்லை. அம்மா நிறுத்தினால்தான் பேரம் பேச ஆள் கிடைக்கிறது.

அதனால் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு கேமைத் தருவதற்கு முன், பிள்ளை தூங்கிய பிறகு அரை மணி நேரம் நீங்களே அதை ஆடிப் பாருங்கள். கட்டம் எங்கே முடிகிறது, எங்கே சேவ் ஆகிறது, எங்கே காசு கேட்கிறது என்று தெரிந்துவிடும். முடிவு தெரிந்தால் மறுநாள் ‘அந்தக் கம்பம் வரைக்கும்டா’ என்று பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். அரை மணி ஆடியும் முடிவு தட்டுப்படாத கேமை அழித்துவிடுங்கள்.