இளமை டப்பாவைக் குப்பையில் போடாதீர்கள்

ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் இரண்டு சரக்குகள் சுலபமாக விலைபோகின்றன. ஒன்று மூட்டுவலிப் பொடி. மற்றொன்று போன இளமையைத் திருப்பித் தருவதாகச் சொல்லும் லேகியம். டிவியில் எண்ணைப் பார்த்து போன் செய்கிறார்கள். கூரியர்காரரிடம் பணத்தைக் கொடுத்துப் பெட்டியை வாங்குகிறார்கள். சில மாதம் கழித்து உடம்பு ஏதாவது கோளாறு காட்டும்போதுதான் "கேஸ் போடலாமா?" என்று கேட்டு வருகிறார்கள். டப்பா எங்கே என்று கேட்டால், "அது அப்பவே குப்பைக்குப் போயிடுச்சு. பொடியை ஹார்லிக்ஸ் பாட்டில்ல கொட்டி வச்சிருக்கோம்" என்பார்கள். ரசீது? "அவன் குடுக்கவே இல்லையே."

டப்பா, ரசீது, மிச்சமிருக்கும் மருந்து ஆகிய மூன்றும் இல்லாமல் எந்த அலுவலகப் படியை ஏறினாலும் வெறுங்கையோடுதான் இறங்க வேண்டும். அதிகாரிகளை அப்புறம் திட்டலாம், திட்ட வேண்டியதும் நிறைய இருக்கிறது. முதலில் நம் பக்கத்து அலட்சியத்தைப் பேசிவிடுவோம்.

ரசீது தராமல் விற்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. கேட்டுப் பாருங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? கூரியர் உறையில் ஒட்டியிருக்கும் அனுப்புநர் முகவரி, பணம் போன குறுஞ்செய்தி, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பேசிய போன் எண் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். மருந்தை வேறு பாட்டிலுக்கு மாற்றாதீர்கள். இரண்டு டப்பா வாங்கியிருந்தால் பிரிக்காத ஒன்றை அப்படியே பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு ஆய்வகத்துக்குப் போகப்போவது அதுதான்.

இப்போது உடம்புக்கு வருவோம். பத்து வருட முழங்கால் வலி, பொடி சாப்பிட்ட இரண்டாம் நாளே பறந்துவிட்டது என்றால் சந்தேகப்படுங்கள். மூலிகை அத்தனை வேகமாக வேலை செய்வதில்லை. இப்படிப்பட்ட பொடிகளில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகளையோ டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளையோ அரைத்துக் கலப்பது பழைய மோசடி. ஸ்டீராய்டு உள்ளே போனதும் பசி எடுக்கும், சோர்வு போகும், ஒட்டிய கன்னம் உப்பும், முகம் பளபளக்கும். "அப்பாவுக்குப் பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு" என்று வீட்டில் உள்ளவர்களே சொல்வார்கள். அவர்கள் இளமை என்று பார்ப்பது முகவீக்கத்தை. பின்னாலேயே சர்க்கரை ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், எலும்பு தேயும், லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகும், கண்ணில் புரை விழும்.

இதைவிட அவசரமான எச்சரிக்கை ஒன்று உண்டு. வாரக்கணக்கில் சாப்பிட்டுவிட்டு, சந்தேகம் வந்ததும் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் விட்டுவிடும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகும். அன்றைக்கே டப்பாவோடு அரசு மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்குப் போங்கள். கார்டிசால் ரத்தப் பரிசோதனை தேவையா, எதை எப்படிக் குறைத்துக்கொண்டு வருவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். அக்கம்பக்கத்துக்காரர் சொல்லி நிறுத்தாதீர்கள், விற்றவன் சொல்லித் தொடராதீர்கள்.

மருத்துவரிடம் போகிறவர்களில் பாதிப்பேர் லேகியம் சாப்பிட்டதையே மறைத்துவிடுகிறார்கள். ஆண்மைக்கான மருந்தாக இருந்தால் மகனுக்கு முன்னால் வாயே திறப்பதில்லை. வெட்கத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். எந்தப் பொடி, எத்தனை மாதம், ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதை மருத்துவக் குறிப்பிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு வரி இல்லையென்றால், உங்கள் சிறுநீரகம் கெட்டதற்கும் அவன் டப்பாவுக்கும் தொடர்பே இல்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் சுலபமாகச் சொல்லிவிடுவார். சிறுநீரகத்தைச் சும்மா சொல்லவில்லை. பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளுக்கும் சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒருவகைச் சிறுநீரக நோய்க்கும் உள்ள தொடர்பைத் தமிழக மருத்துவர்களே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கேரளத்தின் கோட்டக்கல் மருத்துவர்கள் முகப்பொலிவு கிரீம் பூசியவர்களிடம் இதே நோயைக் கண்டார்கள். இளமைக்காகப் பூசும் கிரீமும் இந்தக் கணக்கில்தான் வருகிறது.

இனி அலுவலகம். நம் ஆட்கள் நேராகக் காவல் நிலையத்துக்குப் போவார்கள். அங்கே மருந்து ஆய்வாளரைப் பாருங்கள் என்பார்கள். அவர் இது உணவுப் பொருள் என்பார். உணவுப் பாதுகாப்பு அலுவலரோ இது சித்த மருந்தாச்சே என்பார். மூன்று அறைக்கும் அலைந்தவர் மறுநாள் வருவதில்லை. அலைய விடுவதே ஒரு நிர்வாக முறையாகிவிட்டது. இதை உடைக்கும் சாவி டப்பாவின் லேபிளில் இருக்கிறது.

லேபிளில் பதினான்கு இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருந்தால் சட்டத்தின் கண்ணில் அது உணவு. புரதப் பொடி, கொலாஜன், விட்டமின் டப்பாக்கள் பெரும்பாலும் இந்த வகை. புகார் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் போக வேண்டும். தமிழகத்தில் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணிலும் அனுப்பலாம். சித்த மருந்து, ஆயுர்வேத மருந்து என்று போட்டு உற்பத்தி உரிம எண் இருந்தால், தமிழகத்தில் தயாரானவற்றுக்கான இடம் சென்னை அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை வளாகத்தில் உள்ள இந்திய மருத்துவ உரிம அலுவலர் அலுவலகம். ஆங்கில மருந்தோ கிரீமோ என்றால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலுள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, அல்லது உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளர். எந்த எண்ணுமே இல்லையா? அதுவே குற்றம். அதையே புகாரின் முதல் வரியாக எழுதுங்கள்.

"ஆயுஷ் அங்கீகாரம் பெற்றது" என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தால் மயங்காதீர்கள். உரிமம் கொடுப்பது மாநில உரிம அலுவலர், டெல்லி அமைச்சகம் அல்ல. எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணும் அந்தப் பொடி வேலை செய்யும் என்பதற்கான சான்று அல்ல.

விளம்பரத்தையே தனியாகப் பிடிக்கலாம். 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், தன் அட்டவணையிலுள்ள நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், வாதம், பக்கவாதம், கண்புரை, உடல் பருமன் எல்லாம் அதில் உண்டு. ஆண்மை விருத்திக்குத் தனி உட்பிரிவே இருக்கிறது. துண்டறிக்கை, லேபிள், வாய்ச்சொல், ஒளி, ஒலி, ஏன் புகை வழியாகச் சொன்னால்கூட விளம்பரம்தான் என்று எழுதியவர்கள் ஆட்டோ மைக்கையும் யூடியூபையும் சேர்த்தே வளைத்திருக்கிறார்கள். எவற்றைத் தீர்ப்பதாக மருந்து சொல்லிக்கொள்ளவே கூடாது என்று பட்டியலிடும் 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஜெ அட்டவணையிலோ இளநரை, அகால முதுமை, இளமையை மீட்கும் ஆற்றல் ஆகியவை பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. இவ்வளவும் ஏட்டில் இருக்க, 'டாக்டர் இந்தத் தேதியில் இந்த லாட்ஜில்' என்ற விளம்பரம் வாராவாரம் வந்துகொண்டேதான் இருக்கிறது. சித்த, ஆயுர்வேத மருந்து விளம்பரத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்று 2018-இல் ஒரு விதி வந்தது. அதை 2024 ஜூலையில் ஆயுஷ் அமைச்சகமே நீக்கியது.

நடைமுறையில் பலருக்குத் தெரியாத வழி ஒன்று: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, தவறான விளம்பரம் பற்றிய புகாரை மாவட்ட ஆட்சியரிடமே எழுத்து மூலம் கொடுக்கலாம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவின் பொருள் வரியிலேயே "நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 17-இன் கீழ் புகார்" என்று எழுதுங்கள். அப்படி எழுதாவிட்டால் மனு ஏதாவதொரு துறைக்கு 'தக்க நடவடிக்கைக்காக' என்று தள்ளிவிடப்படும். விளம்பரத்தின் நகல், தேதி, சேனல் பெயர், டப்பாவின் நான்கு பக்கப் புகைப்படம் ஆகியவற்றை இணையுங்கள். மனு பதிவு எண் உள்ள ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வரிசையை விட்டு நகராதீர்கள். விஷயம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வரை போனால் தயாரிப்பாளருக்கும் விளம்பரத்தில் நடித்த பிரபலத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை.

இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். சில நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பிவிடுகின்றன. ஆணையத்தில் நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. கம்பெனி ஹரித்வாரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கெடு இரண்டு ஆண்டு. மருந்தை ஆய்வகத்துக்கு அனுப்ப 38-ஆம் பிரிவின் கீழ் வேண்டுகோளை மனுவிலேயே சேர்த்துவிடுங்கள். பிரிக்காத டப்பா அப்போதுதான் தேவைப்படும். இரண்டாவது முறையாகச் சொல்கிறேன், தூக்கிப் போடாதீர்கள்.

பக்கவிளைவை மட்டும் தெரிவிக்க 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. நோயாளியே நிரப்பும் படிவம் தமிழிலும் கிடைக்கிறது. இதைச் செய்தால் உங்களுக்குப் பணம் வராது. ஆனால் அந்தத் தயாரிப்பின் பெயர் ஒரு பதிவேட்டில் ஏறும்.

சித்த மருத்துவத்தையே குறை சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவில் பட்டம் பெற்ற மருத்துவர் நாடி பார்த்து மருந்தை இலவசமாகத் தருகிறார். அங்கே கூட்டமில்லை, லாட்ஜ் வாசலில் இருக்கிறது. மூட்டுக்கும் தசைக்கும் மற்ற வழிகள் சலிப்பூட்டுமளவுக்கு எளியவை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை, இரண்டு நாள் தசைப் பயிற்சி. 65 வயதுக்கு மேல் மூன்று நாள் தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டிருக்கிறது.

புகார் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் பதிலே இல்லையா? பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அதே அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்ட மனு எழுதுங்கள். நாளது தேதிவரை என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன, மாதிரி எடுக்கப்பட்டதா, எந்தத் தேதியில், ஆய்வறிக்கையின் நகல் என்று நான்கே கேள்விகள். ஏன், எதற்கு என்று விளக்கம் கேட்டால் தட்டிக்கழிக்க வசதியாகிவிடும், ஆகவே ஆவணத்தை மட்டும் கேளுங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். அதற்குத் தமிழகத்தில் கட்டணம் இல்லை.