தமிழ் அச்சும் பெரிய எழுத்தும்

ஆங்கிலம் பயிலத் தொடங்கும் மாணாக்கன் ஒவ்வோர் எழுத்துக்கும் பெரியது, சிறியது என இரு வடிவங்களைக் கற்கின்றான். அவற்றை வழங்கும் முறை ஐரோப்பா முழுவதும் ஒன்றன்று. ஜெர்மானியர் பெயர்ச்சொல் அனைத்தையும் பெரிய எழுத்தில் தொடங்குவர். செக் மொழியாரோ ஆட்பெயரையும் ஊர்ப்பெயரையும் அவ்வாறெழுதிக் கிழமைக்கும் மாதத்துக்கும் சிறிய எழுத்தே போதுமென்பர். தமிழில் இவ்வேறுபாடு தோன்றவேயில்லை.

தோன்றுதற்கு இடமில்லாமலில்லை. 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டவர்கள் ஐரோப்பியப் பாதிரிமாரே. பின்னர் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழெழுத்துக்கள் 1713இல் தரங்கம்பாடியை அடைந்தன. அவை மிகப் பெரியனவாயிருந்து தாளை விழுங்கியமையால், சிறிய எழுத்துக்கள் அங்கேயே வார்க்கப்பட்டன. 1715இல் புதிய ஏற்பாடு நிறைவெய்தியது. இருவகை அச்சும் ஓரிடத்திருந்தும், எழுத்தின் பருமன் தாட்சிக்கனம் பற்றியதாயிற்றேயன்றிச் சொல்லின் தகுதி பற்றியதாகவில்லை. ‘பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை’ என்பதும் நூல் முழுவதும் பெரிய எழுத்தென்றே பொருள்படும். கண் மங்கிய முதியோர்க்கு அஃது எத்துணை உதவி!

தமிழச்சுக்கு வேண்டியிருந்தது வேறொன்று. ஓலையில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் மயங்கின. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் நெடிலுக்கு வேறு வடிவம் வகுத்தார். புள்ளியையும் அவ்வடிவங்களையும் நிலைபெறச் செய்தது அச்சே.

ஆட்பெயரை உணர்த்தும் தொழிலைத் தமிழில் பெரும்பாலும் திணையே செய்கின்றது. ‘தங்கம் வந்தது’ எனின் பொன். ‘தங்கம் வந்தாள்’ எனின் பெண். ‘தங்கத்தைத் தேடினான்’ என்னுமிடத்து மட்டும் இடம் நோக்கி உணர்தல் வேண்டும்.

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். அங்குத் தொழிலாளர் பெயர்கள் செக்ரோலில் ஆங்கில எழுத்திலே பதியப்பட்டன. முதலெழுத்து பெரிதாயிருந்தமையால் அது பெயரென்பது விளங்கிற்று. யாருடைய பெயரென்பது விளங்கவில்லை. மாரியும் மரியும் அவ்வெழுத்தில் ஒன்றே. முன்னவள் அம்மன் பெயர் தாங்கியவள், பின்னவள் கிறிஸ்தவப் பெண். ழகரத்தை ஒரு கிளாக்கர் ஓரெழுத்தாலும் மற்றொருவர் ஈரெழுத்தாலும் குறித்தால், பழனி என்னும் ஒருவனே தாளில் இருவனாவான். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர் இந்நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்தமையை நாட்டவேண்டியிருந்தது. அத்தகையோர்க்குப் பழைய தாளிலுள்ள பழனியும் புதிய தாளிலுள்ள பழனியும் ஒருவனே என்று காட்டுவது எழுத்திலக்கணச் சிக்கலாக மட்டும் இருந்திராது.