பூகம்பம் பிறந்த இடமும் அழித்த இடமும்

1934-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி பிற்பகலில் பீஹாரைக் குலுக்கிய பூகம்பத்தை நம் தேசம் மறக்காது. முங்கேர், முஸாபர்பூர், தர்பங்கா முதலிய நகரங்கள் சில நிமிஷங்களில் பாழாயின. ஆயினும் அது பிறந்த இடம் பீஹார் அன்று. கிழக்கு நேபாளத்தில், எவரெஸ்ட் சிகரத்துக்குச் சமீபத்தில் என்பது பிற்கால ஆராய்ச்சியின் முடிவு.

பிறந்த இடத்தைக் கண்டறிவது எவ்வாறு? பூமிக்குள்ளிருந்து இருவகை அலைகள் ஒருங்கே புறப்படுகின்றன. ஒன்று விநாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் விரையும். மற்றது சுமார் மூன்றரை. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணி மேகத்தின் தூரத்தை மதிப்பிடுகிறோமல்லவா? அதுபோலவே, யந்திரத்தில் இவ்விரு அலைகளும் பதியும் இடைவெளியில், விநாடி ஒன்றுக்குச் சுமார் 8 கிலோமீட்டர் தூரம் எனக் கணக்கிடலாம். ஒரு நிலையம் தூரத்தைத்தான் சொல்லும், திசையைச் சொல்லாது. மூன்று நிலையங்களைச் சுற்றி வட்டங்கள் வரைந்தால், அவை சந்திக்கும் இடமே பூகம்பத்தின் பிறப்பிடம்.

பூகம்பத்தின் வலிமைக்கு எண் ஒன்றே. 1934-ல் அது சுமார் 8. ஊர்களின் அதிர்ச்சியோ வேறு கணக்கு. தூங்கினோர் விழித்தனரா, சுவர் வெடித்ததா, வீடு விழுந்ததா என்று பார்த்து, மெர்க்காலி முறையில் 12 படிகளாக அதைக் குறிக்கின்றனர். கங்கைச் சமவெளியின் ஆழ்ந்த வண்டல் மண் அதிர்ச்சியைப் பெருக்கியது. பல இடங்களில் தரை பிளந்து மணலும் நீரும் பீறிட்டன. பாறைமீது நிற்கும் வீட்டுக்கும் வண்டல்மீது நிற்கும் வீட்டுக்கும் கதி ஒன்றல்ல.

பூகம்பம் வரும் நாளை முன்கூட்டி உரைக்க இன்றளவும் வழியில்லை. நிற்கும் மண்ணை அறிந்து, அதற்கேற்ற உறுதியுடன் வீடு கட்டுவது நம் கையில்தான் இருக்கிறது.