இம்ப்ரவைஸ் பண்ணுங்க சார்!

"சர்வீஸை இன்னும் கொஞ்சம் இம்ப்ரவைஸ் பண்ணணும்." அலுவலகக் கூட்டங்களில் இதை யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. அவர் சொல்ல வந்தது இம்ப்ரூவ், அதாவது மேம்படுத்துவது. இழுத்துச் சொன்னால் இங்கிலீஷுக்குக் கனம் கூடும் என்று நினைப்பு போலிருக்கிறது. அவர் வாயிலிருந்து வந்ததோ, 'அன்னன்னிக்குக் கையில கிடைச்சதை வெச்சு ஒப்பேத்துவோம்' என்ற வாக்குறுதி. (சில இடங்களில் அதுதான் நிஜமும்.)

இரண்டு சொற்களுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இம்ப்ரூவ், லாபம் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. இம்ப்ரவைஸுக்கு வேர் லத்தீன்: 'முன்கூட்டிப் பார்க்காதது'. இத்தாலியில் நின்ற இடத்தில் கவி கட்டிப் பாடியவர்களுக்கு இந்த வேரிலிருந்தே பெயர் வைத்தார்கள். நம் காளமேகப் புலவரை ஆசுகவி என்கிறோம்; ஆசு என்றால் விரைவு. அவர்கள் வியந்தது முன்னேற்பாடு இல்லாததை. நாம் வியந்தது வேகத்தை.

ஆங்கிலத்தில் இம்ப்ரவைஸ் என்ற சொல்லுக்கு இரண்டு முகம். மேடையில் அந்தக் கணத்தில் படைப்பது ஒன்று. இல்லாததற்கு இருப்பதை வைத்துச் சமாளிப்பது இன்னொன்று. இரண்டும் ஒரே ராத்திரியில் கூடிவந்ததும் உண்டு. 1975 ஜனவரி 24, ஜெர்மனியின் கொலோன் நகர ஓபரா அரங்கம். பியானோ கலைஞர் கீத் ஜாரெட் கேட்ட பெரிய பியானோ வரவில்லை. மேடையில் இருந்தது சிறியது: மேல் ஸ்தாயி தகரம் போல ஒலித்தது, கீழ் ஸ்தாயியில் கனமில்லை, பெடலும் சரியில்லை. வாசிக்க மறுத்தவர், பிறகு மனம் மாறி உட்கார்ந்தார். நடுக்கட்டைகளையே பெரிதும் சுற்றிவந்து, கீழே இல்லாத கனத்தை இடது கையால் திரும்பத் திரும்ப ஒரே தாளக்கட்டாகத் தட்டி ஈடுகட்டினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்ட அந்த வாசிப்பு, இசைத்தட்டாகிப் பல லட்சம் பிரதிகள் விற்றது.

தமிழில் இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்க மாட்டோம். கச்சேரியில் பாடகர் ஒரு வரியை எடுத்து, தாளம் பிசகாமல் விதவிதமாக நிரவல் செய்தால் அது மனோதர்மம். அதற்குப் பின்னால் பல வருஷ சாதகம் இருக்கும். புளி தீர்ந்துபோன அன்று தக்காளியைக் கூடுதலாகப் போட்டு ரசம் வைத்த என் அம்மா, மனோதர்மம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டதில்லை.

"ஏதோ ஒப்பேத்தியிருக்கேன், சாப்பிடு."