மூடி தேடும் கணினி

பத்துமலைத் தைப்பூசத்துக்கு செலாயாங் பக்கம் தண்ணீர் பந்தல் போட்டு அன்னதானம் செய்கிறவர்களுக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும். கழுவிக் கவிழ்த்த அண்டா, குண்டான், சட்டியெல்லாம் ஒரு பக்கம் நிற்க, மூடிகள் இன்னொரு பக்கம் குவிந்து கிடக்கும். எந்தச் சட்டிக்கு எந்த மூடி என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். ஃபிராக்டல் முறையில் படத்தைச் சுருக்கும் கணினிக்கும் இதே வேலைதான்.

பத்துமலையின் 272 படிகளைப் படம் எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படியின் விளிம்பு விழுந்த சிறு கட்டம், வேறோர் இடத்தில் இருக்கும் இரு மடங்கு பெரிய கட்டத்தைச் சுருக்கினால் கிடைப்பதைப் போலவே இருக்கும். அப்புறம் அந்தச் சிறு கட்டத்தின் புள்ளிகளை எதற்குச் சேமிக்க வேண்டும்? 'அந்தப் பெரிய கட்டத்தைச் சுருக்கு, இப்படித் திருப்பு, வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு' என்ற குறிப்பு போதும். அமெரிக்காவில் கணிதவியலாளர் மைக்கேல் பார்ன்ஸ்லியிடம் ஆய்வு செய்த ஆர்னோ ஜாக்கன் 1980-களின் கடைசியில் இதைக் கணினி தானாகச் செய்யும் முறையாக்கினார். படத்தைத் திரும்ப வரவழைப்பது சுலபம். வெறும் சாம்பல் நிறத்தில் தொடங்கி, குறிப்புகளில் சொன்னதைச் சுமார் பத்துச் சுற்று செய்தால் படிக்கட்டு வந்து நிற்கும்.

தேடுவதில்தான் உயிர் போகிறது. 256-க்கு 256 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தில், 8-க்கு 8 அளவில் 1,024 சிறு கட்டங்கள்; அவைதான் சட்டிகள். 16-க்கு 16 அளவிலான பெரிய கட்டங்கள்தான் மூடிகள். ஒரு புள்ளி நகர்ந்தாலே அது வேறு மூடி என்பதால் மொத்தம் 58,081. ஒவ்வொன்றையும் நான்கு பக்கம் திருப்பி, கவிழ்த்துப் போட்டு மறுபடி நான்கு பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 47.6 கோடி ஒப்பீடுகள், ஒவ்வொன்றிலும் 64 புள்ளிகள்.

ஆனால் ஒரு சட்டிக்கு மூடி தேடுகிறவர் பக்கத்துச் சட்டிக்காரரை எதுவும் கேட்க வேண்டியதில்லை. மூடியை எடுத்துப் போவதும் இல்லை, எண்ணை மட்டும் எழுதிக்கொள்கிறார். ஒரே மூடி பத்துச் சட்டிக்கும் பொருந்தலாம். ஆகவே எத்தனை ஆள் வந்தாலும் வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம். ஆயிரக்கணக்கான சிறு செயலிகள் கொண்ட கிராஃபிக்ஸ் அட்டைக்கு இது வாகான வேலை. 2007-இல் என்விடியா நிறுவனத்தின் 'கூடா' (CUDA) நிரலாக்க வசதி வந்தபின், அந்த அட்டைகளை இப்படிப்பட்ட கணக்குகளுக்குப் பயன்படுத்துவது எளிதானது.

ஆள் கூடினால் இரண்டு சிக்கல்கள் வரும். எல்லாரும் ஒரே குவியலை நோக்கிக் கை நீட்டினால் நெரிசல். செயலிகள் நினைவகத்துக்காகக் காத்துக் கிடக்கும். அதனால் ஒரு தட்டு மூடிகளைக் குழுவின் நடுவில் கொண்டுவந்து வைத்து, எல்லாரும் வைத்துப் பார்த்தபின் அடுத்த தட்டைக் கொண்டுவர வேண்டும். அட்டைக்குள் ஒவ்வொரு குழுவுக்கும் இருக்கும் சிறிய, வேகமான நினைவகம் அதற்குத்தான்.

இரண்டாவது, சமமில்லாத வேலை. சட்டிகள் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. வானத்துக்குப் பெரிய கட்டமே போதும். கோபுரச் சிற்பத்துக்குக் கட்டத்தை நாலாக, மறுபடி நாலாக வெட்ட வேண்டியிருக்கும். படத்தை முன்கூட்டியே பாகம் போட்டால் வானம் கிடைத்தவர் சும்மா உட்கார்ந்திருப்பார். கை ஒழிந்தவர் வரிசையிலிருந்து அடுத்த சட்டியை எடுத்துக்கொள்வதே நல்ல ஏற்பாடு.

தேடலைக் குறைக்க, மூடிகளை முதலிலேயே இனம் பிரிப்பதும் உண்டு. ஆய்வாளர் யுவல் ஃபிஷர் 72 வகையாகப் பிரித்தார். வேகம் ஏறும், ஆனால் வேறு வகையில் கிடக்கும் சரியான மூடி கண்ணில் படாமலே போகலாம். ஆள் கூட்டித் தேடினால் அந்தக் குறை இல்லை. முழுக் குவியலையும் பார்ப்பதால், ஒருவரே தேடி எழுதியிருக்கும் அதே குறிப்புகள்தான் வரும். கையில் அட்டை இருந்தால், தேடலைக் குறைப்பதற்கு முன் ஆளைக் கூட்டிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.